அலமாரியில் இருக்கும் பெரிய பட்டை

ஜூலை 4

அன்புள்ள அக்கா,

கடிதம் என்றதும் பயந்துவிடாதே. வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு, தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுத்தான் உன்னோடு பேசுகிறாள். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் மலைபோலக் கிடக்கிறது. நான் கேட்க நினைப்பதை அம்மாவும் துணி கொடுக்க வந்தவர்களும் கேட்டுக்கொண்டிருக்கும்போது கேட்க முடியாது.

மருத்துவக் கல்லூரியிலிருந்து நீ திருப்பி அனுப்பிய வெள்ளைக் கோட்டு வந்து சேர்ந்தது. நீ போனில் சொன்ன அளவுக்குத்தான் அம்மா அதைத் தைத்தாள். பொத்தான் போட முடியவில்லை என்று நீ எழுதிய சீட்டைப் படித்துவிட்டு, "துணி சுருங்கிடுச்சு போல. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றாள். துணி சுருங்கவில்லை அக்கா. வெட்டுவதற்கு முன்னால் அதை வாளியில் ஊறப்போட்டு, உலர்த்தி, இஸ்திரி போட்டது நான்தான். அம்மாவுக்கும் அது தெரியும். சொல்லும்போது அவள் துணியைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை. பிறகு ஓரத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்ததை எல்லாம் வெளியே விட்டாள். அதுவும் போதாமல் கைக்கு அடியில் ஒரு துண்டு வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

லீவுக்கு வந்தபோது நான் கவனித்ததையும் சொல்லிவிடுகிறேன். நம் மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்று அறிவிப்புப் பலகையைப் படித்தாய். அதில் தண்ணீர்த் தொட்டி கழுவுகிற நாள் மட்டும்தான் எழுதியிருந்தது, அந்த நாளும் எப்போதோ முடிந்துவிட்டது. நீ ஒவ்வொரு தடவையும் அதையே படித்தாய். காலையில் எழுந்ததும் தலைவலி என்று மாத்திரை தேடினாய்.

உன்னைக் குண்டு என்று சொல்ல நான் எழுதவில்லை. பள்ளியில் என்னைச் சோடாப்புட்டி என்று கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உன் உடம்பு நன்றாக இருக்கிறதா?

உன் தங்கை


ஜூலை 15

அடி பூச்சி,

புத்தகப் பூச்சி இப்போது துப்பறியும் பூச்சி ஆகிவிட்டதா? உன் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்தேன். என் அறைத்தோழி நெட்டை கட்டிலிலிருந்து விழாத குறை. "உன் தங்கச்சிய நம்ம வார்டுக்குக் கூட்டிட்டு வா, நோயாளிங்க பாதிப் பேரு பயந்தே எழுந்து ஓடிருவாங்க" என்கிறாள்.

எங்கள் பிழைப்பைக் கேள். காலையில் வார்டில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வகுப்பில் மாலை வரை உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓடிப்போனால் கேண்டீனில் கிரீம் பன்னும் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கும்தான். மெஸ்ஸில் சாப்பாடு தீர்ந்திருக்கும். பிறகு பரீட்சை, பரீட்சைக்குப் பரீட்சை, முகத்தின் மேல் புத்தகத்தைக் கவிழ்த்துக்கொண்டு தூக்கம். போன வாரம் அதிக உடல் எடையால் வரும் நோய்கள் பற்றி நீளமாக ஒரு பாடம். இதயம், சர்க்கரை, மூட்டு, ஈரல் என்று ஒன்றையும் விடவில்லை. பாடம் முடிந்ததும் மொத்த வகுப்பும் கேண்டீனுக்கு ஓடியது. போய்ப் பார்த்தால் பாடம் எடுத்தவரே எங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார், கையில் கிரீம் பன்.

நான் மட்டும் இல்லை. முதல் வருஷ அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு அதில் அவர்களுடைய தம்பி தங்கை படம் ஒட்டியிருப்பதுபோல் இருக்கிறது.

உடம்பைப் பற்றிக் கேட்டாயே. இரத்த அழுத்தம் பார்க்க நாங்கள் ஒருவர் கையில் ஒருவர் பழகுகிறோம். என் கையை நெட்டை பார்த்தாள். கூடக் காட்டியது. மறுபடி பார்த்தாள், மறுபடியும் கூட. பயந்துவிடாதே. அதற்குக் காரணம் இருக்கிறது. கையில் சுற்றிக் காற்றடிக்கிற பட்டை எல்லோருக்கும் ஒரே அளவு. பருமனான கைக்கு அது சின்னது. சின்னப் பட்டையைச் சுற்றினால் உள்ளதைவிடக் கூடத்தான் காட்டும். இது பாடத்திலேயே இருக்கிறது, வாத்தியாரும் சொன்னார். ஆகவே குற்றம் பட்டையுடையது, நான் நலம்.

அம்மாவிடம் இதையெல்லாம் அளந்துகொண்டிருக்காதே. கோட்டை அவசரமாக அனுப்பச் சொல்.

அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்கா,

கோட்டு நேற்று பார்சலில் கிளம்பிவிட்டது.

உன் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பட்டை விஷயம் புரிய வேண்டும் என்று, நூலகத்தில் உடலியல் புத்தகம் எடுத்து, அதில் இருந்த படத்தையும் வரைந்து பார்த்தேன். சின்னப் பட்டை தப்பாகக் காட்டும் என்பது எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. புரியாதது ஒன்றுதான். பெரிய பட்டையில் எவ்வளவு காட்டியது? அதை எழுத மறந்துவிட்டாய்.

எங்கள் இயற்பியல் டீச்சர் ஒன்று சொல்வார். அளவுகோல் தப்பு என்று தெரிந்தால் நீளம் சரி என்று ஆகிவிடாது. நீளம் இன்னும் தெரியாது என்றுதான் ஆகும். நீ என்னைவிட எவ்வளவோ படித்தவள், நான் எங்கேயோ தப்பாக யோசிக்கிறேனாக இருக்கும். எங்கே என்று எழுது.

அப்பாவிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவரை ஏன் டெப்போவில் உட்கார வைத்தார்கள் என்று மட்டும் கேட்டேன். பிரஷர் என்று நமக்குத் தெரியும். அதற்கு முன்னால் நடந்தது எனக்குத் தெரியாது. "தெனமும் காலைல தலைய வலிக்கும். எஞ்சின் சூடுன்னு நெனச்சேன். வண்டிய மாத்திக் குடுங்கன்னு டெப்போல சண்டகூடப் போட்டேன். வண்டிய மாத்தினாங்க. வலி மாறல" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

உனக்கும் காலையில்தான் வலிக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

உன் தங்கை


ஆகஸ்ட் 2

பூச்சி,

நான் மறக்கவில்லை. பெரிய பட்டையில் பார்க்கவில்லை. போதுமா?

எங்கள் பயிற்சி அறையில் பெரிய பட்டை கிடையாது. வார்டில் இருக்கிறது, ஹெட் சிஸ்டர் மேசைக்குப் பின்னால் உள்ள அலமாரியில். போய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஹெட் சிஸ்டருக்கு மெதுவாகப் பேச வராது. "யாருக்கு?" என்று அவர் கேட்டால் அந்தக் கோடிக் கட்டிலில் படுத்திருப்பவரும் திரும்பிப் பார்ப்பார். நான் என்ன சொல்வது? எனக்குத்தான் என்று வார்டு முழுக்கக் கேட்கச் சொல்லவா?

நீ வீட்டில் உட்கார்ந்து படம் வரைகிறாய். இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. போன மாதம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சோதிக்கும் முறை பற்றி வகுப்பு. யாருக்கு எளிது, யாருக்குக் கடினம் என்று சொல்லிக்கொண்டே வந்த வாத்தியார், "உதாரணத்துக்கு" என்று வகுப்பைப் பார்த்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. கண் என் மேல் வந்து நின்றது, எல்லோர் கண்ணும் கூடவே வந்தது. என் கையில் பட்டை ஒட்டாமல் பிரிந்துகொண்ட அன்று ரேடியோ சொன்னது இன்னும் நன்றாக இருக்கும். ரேடியோ என்பது எங்கள் வகுப்புப் பையன், வாய் மூடாதவன். "அவளுக்குப் பட்டை பத்தாதுடா, பெட்ஷீட் எடுத்துட்டு வாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். நான் சிரித்தால்தான் அது வெறும் ஜோக்காக இருக்கும்.

இன்னொன்று. பெரிய பட்டையிலும் கூடக் காட்டினால் என்ன செய்வேன்? அடுத்த மாதம் பரீட்சை. தெரிந்துவிட்டால் அப்புறம் ஏதாவது செய்தாக வேண்டும். தெரியாத வரைக்கும் படிக்கலாம்.

உன் கேள்வி சரியான கேள்விதான். அதற்காக நான் பதில் சொல்லியாக வேண்டும் என்று இல்லை. இதை அப்பா காதில் போட்டாயோ, அப்புறம் என்னை அக்கா என்று கூப்பிடாதே.

அக்கா


ஆகஸ்ட் 19

அப்பா எங்கள் ஹாஸ்டல் வார்டனுக்குப் போன் செய்திருக்கிறார். உனக்குத் தெரியாமல் இருக்காது.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வார்டன் வந்து நடு ஹாலில் நின்றார். "யாரும்மா அந்தப் பிரஷர் பொண்ணு? உங்கப்பா போன் பண்ணாரு. சாப்பாட்டுல உப்பக் கொறைக்கச் சொல்றாரு." நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவே தேவை இல்லாமல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது எனக்குப் பிரஷர் குக்கர் என்று பெயர். ரேடியோ வாயால் விசில் அடிக்கிறான்.

உன்னிடம் மட்டும் சொன்னேன். இனி எழுத ஒன்றும் இல்லை.


ஆகஸ்ட் 26

அக்கா,

அப்படிக் கூப்பிடக் கூடாது என்று எழுதியிருந்தாய். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் அப்படியே எழுதுகிறேன்.

அப்பாவிடம் சொன்னது நான்தான். உன் கடிதம் வந்து சில நாள் சொல்லாமல்தான் இருந்தேன். அப்பாவின் மாத்திரை டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் உனக்குப் போன் செய்வார் என்று நினைத்தேன். வார்டனுக்குச் செய்வார் என்று யோசிக்கவே இல்லை. உன்னிடம் கேட்டால் நீ "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிடுவாய், வார்டன் என்றால் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார் என்று அவர் நினைத்திருக்கிறார். சாப்பாட்டு ஹாலில் நடந்ததைச் சொன்னதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் ரகசியமாத்தாண்டி சொன்னேன் அந்தாளுகிட்ட" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

அம்மா மெஷினை நிறுத்திவிட்டாள். எனக்குத் தெரிந்து சீருடைக் காலத்தில் அம்மா மெஷினை நிறுத்தியதே இல்லை. அப்பா அவளைத்தான் திட்டினார்.

"பெத்தவ நீ. உனக்கா தெரியல?"

"அளவெடுக்கறவளுக்குத் தெரியாம இருக்குமா? வாசல்ல வந்து நின்னப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் பழைய அளவுக்குத் தச்ச?"

"அவ சொன்ன அளவு அது. நேர்ல வந்து நின்னா டேப்பு பேசும். தூரத்துல இருக்கற புள்ளகிட்ட போன்ல என்னத்த சண்ட போடறது? இல்ல, நீ பொய் சொல்றேன்னு சொல்லவா?"

நான் போய் மெஷின் விளக்கை அணைத்தேன்.

நான் யோசித்துப் பார்த்தேன். துணி சுருங்கிவிட்டது என்று அம்மா சொன்னாள். குற்றம் பட்டையுடையது என்று நீ சொன்னாய். எஞ்சின் சூடு என்று அப்பா சொன்னார். நம் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுகிறோம்.

உன்னைச் சாப்பாட்டு ஹாலில் எல்லோரும் பார்க்கும்படி ஆனதற்கு நான்தான் காரணம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அப்பாவிடம் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. தோன்றினால் எழுதுகிறேன்.

உன் தங்கை


செப்டம்பர் 12

அன்புள்ள அக்கா,

உன் பதில் வரவில்லை. போனிலும் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், என்னைக் கேட்பதில்லை. பரீட்சை முடிந்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

தோன்றினால் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது தோன்றிவிட்டது. நீ சொன்னது உன் உடம்பைப் பற்றியது. அதை யாரிடம் சொல்வது என்று முடிவுசெய்ய வேண்டியவள் நீதான். என் பயத்தை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை, அதனால் உன் ரகசியத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பெரிய பட்டையில் பார்த்துவிடு. எவ்வளவு என்று எனக்கு எழுத வேண்டாம். பார்த்துவிட்டேன் என்றுகூட எழுத வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். உனக்குத் தெரிந்தால் போதும்.

உன் தங்கை


அக்டோபர் 3

பூச்சி,

உன்மேல் கோபம் முழுதாகத் தீரவில்லை. தீரும் வரை காத்திருந்தால் இதை எழுதவே முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பரீட்சை முடிந்த வாரம் வார்டில் எனக்கு ஓர் அம்மாவை நோயாளியாகக் கொடுத்தார்கள். சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவர். தலைசுற்றல் என்று வந்து சேர்ந்திருந்தார். கை என் கையைப் போலவே இருந்தது. நான்தான் இரத்த அழுத்தம் பார்த்தேன். நிறையக் கூடக் காட்டியது. வார்டு டாக்டர் சார் கட்டிலருகே வந்ததும் ஒப்பித்தேன்.

"கூடக் காட்டுது சார். ஆனா பட்டை சின்னது. அதனால இருக்கும்."

"இருக்கும்னா? பெருசுல பாத்தியா?"

"இல்ல சார்."

"பாக்காமயே அந்தம்மாவ வீட்டுக்கு அனுப்பிருவியா?"

அவர் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பெரிய பட்டையைப் பற்றி நீ கேட்ட ஜூலை மாதக் கடிதம் ஞாபகம் வந்தது. என்னை நானே ஏமாற்றிக்கொண்டது என் பாடு. அதே வாயால் இன்னொருவரின் கட்டிலருகே நின்று அதே பேச்சைப் பேசியிருக்கிறேன். அந்த அம்மா என்னை நம்பிக் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

ஹெட் சிஸ்டரிடம் போனேன். முகத்தைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். "பெரிய பட்டை வேணும் சிஸ்டர்." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கீழ்த் தட்டுல இருக்கு. எடுத்த எடத்துல வையி. போன வாரம் எவனோ எடுத்துட்டுப் போய், தேடித் தேடி என் முதுகே போச்சு." அவ்வளவுதான். யாருக்கு என்று கேட்கவே இல்லை. எத்தனையோ நாளாக அந்த ஒரு கேள்விக்கு நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவுக்குப் பெரிய பட்டையிலும் கூடத்தான் இருந்தது. சொன்னேன். "அப்ப இஸ்திரிப் பொட்டி சூட்டால இல்லியா?" என்றார். இல்லை என்றேன். "சரி, மருந்தக் குடுங்க" என்றார். எனக்கு வாய்க்காத தைரியம்.

அன்று பட்டையைத் திருப்பி வைப்பதற்கு முன்னால் நெட்டையைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டேன். அவள் நோயாளியிடம் பேசுவதுபோலவே பேசினாள். "கால் ரெண்டும் தரையில வைங்க. பேசாதீங்க. மூச்ச அடக்காதீங்க." எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. பார்த்தாள். முன்பு காட்டியதைவிடக் குறைவு. இருக்க வேண்டியதைவிட அதிகம். பட்டை சொன்ன பொய் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் என்னுடையது. "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ மொகத்தச் சுளிப்பேன்னு விட்டுட்டேன்" என்றாள் நெட்டை.

வெளிநோயாளிகள் பிரிவில் டோக்கன் வாங்கி, கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். வேறு வேறு நாளில் பிரஷர் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இன்னும் தாண்டவில்லை. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், உப்பையும் குறைக்க வேண்டும். நடக்க வேண்டும். தூங்க வேண்டும், அதுதான் இங்கே கஷ்டம். மாத்திரை வேண்டுமா என்று மூன்று மாதம் கழித்துப் பார்ப்பார்களாம். பயங்கரமாக ஒன்றும் இல்லை, நல்லபடியாகவும் ஒன்றும் இல்லை. காலையில் நெட்டை இழுத்துக்கொண்டு போகிறாள், மைதானத்தைச் சுற்றி நடக்கிறோம். அவள் கால் நீளம், நான் பாதி ஓட வேண்டியிருக்கிறது. பன்னை விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பாதியாக்கியிருக்கிறேன். அப்பாவிடம் நானே பேசினேன். அவர் அழுதார். அதை அம்மாவிடம் சொல்லாதே.

இன்னும் ஒன்று. பயிற்சி அறைக்கு ஒரு பெரிய பட்டை தர முடியுமா என்று ஹெட் சிஸ்டரிடம் கேட்டேன். "ரெண்டு இருக்கு, ஒண்ணத் தூக்கிட்டுப் போ. இத்தன வருஷத்துல உங்க காலேஜ்ல ஒருத்தரும் கேக்கலியே" என்றார். கொண்டுவந்து, மற்றப் பட்டைகளோடு மேசைமேல் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் பார்த்தால் மேசையில் அதைக் காணோம். ஜன்னலோரம் ஒருத்தி அதைத் தன் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து இன்னொருத்தி வாங்கினாள், அவளிடமிருந்து கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் வாங்கினான். யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாரும் ஜோக் அடிக்கவில்லை. நான் ஒருத்தி மட்டும்தான் என்று எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு ரேடியோ திரும்பி வந்தான். கதவருகே நின்று பேனாவைத் தேடுவதுபோல் தேடினான்.

"என்னடா, விசில் அடிக்கலியா?" என்றேன்.

"ஏய், ஒரு நிமிஷம் பாக்குறியா?" என்று சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினான். "நெட்டைகிட்டச் சொல்லாத. யாருகிட்டயும் வேணாம்."

உட்காரச் சொன்னேன். கால் இரண்டும் தரையில் வைக்கச் சொன்னேன். பேசாமல் இருப்பதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, கேட்டு, இன்னொரு தடவையும் பார்த்தேன். எவ்வளவு என்று அவனிடம் சொன்னேன், எங்கே போய்க் காட்ட வேண்டும் என்றும் சொன்னேன்.

உனக்குச் சொல்ல மாட்டேன், பூச்சி.

அக்கா